கோடை வாசிப்பும் பஞ்சமி நிலமும்

சித்திரை பிறந்ததும் ஒரு நோட்டில் ஏழு புத்தகங்களின் பெயரை எழுதி வைத்தேன். ஆனி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கணக்கு. ஐந்து முடிந்தது. ஒன்று பாதியில் நிற்கிறது. ஒன்றை இன்னும் தொடவில்லை. களப்பணியில் இருப்பவர்களுக்குக் கோடை கொஞ்சம் மூச்சு விடும் காலம். பள்ளிக்கூடம் கிடையாது, மாலை வகுப்பு கிடையாது, மதிய வெயிலில் யார் வீட்டுக்கும் போய் உட்கார முடியாது. படிக்க அதைவிட்டால் வேறு நேரம் இல்லை.

இந்தத் தடவை பட்டியலை ஒரே கேள்வியை வைத்துப் போட்டேன். எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரி மாணவி கேட்ட கேள்வி அது. "பஞ்சமி நிலத்த வெள்ளைக்காரன் கொடுத்தான்னு எல்லாரும் சொல்றீங்க. அப்ப நம்ம ஆளுங்க என்னக்கா பண்ணிட்டிருந்தாங்க?" அன்றைக்குக் கூட்டத்தில் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஆனால் அது ஒரு வரியில் முடிகிற கேள்வி இல்லை. அதனால் பஞ்சமி நிலம் பற்றிய ஆதாரம், அந்தக் காலத்தில் வாழ்ந்த நம்முடைய தலைவர்களின் எழுத்து, பிற்கால ஆய்வு, ஒரு நாவல் என்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

முதலில் டிரமென்ஹீர். செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த இவர் 1891-ல் அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30-ல் வருவாய்த் துறை 1010-ம் எண் அரசாணையைப் பிறப்பித்தது. நம் மேடைகளில் இந்த இரண்டு வரியும் தவறாமல் வரும். உடனே அடுத்த வரியாக "12 லட்சம் ஏக்கர்" வரும். கைதட்டலும் வரும். அந்தக் குறிப்பை எடுத்துப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று கேட்டால் கை தூக்குகிறவர்கள் குறைவு. அரசு அதிகாரி எழுதிய அறிக்கைதானே என்று அலட்சியமாக ஆரம்பித்தால் ஏமாந்துபோவீர்கள். சேரி மனிதர் உடுத்தும் துணி, குடிசையின் அளவு, கடன், நோய், படிப்பறிவு, எல்லாவற்றையும் ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகிறார். திருமணத்துக்கு வாங்கிய சின்னத் தொகைக்கு ஒருவன் படியாளாகத் தன்னை எழுதிக் கொடுப்பதும், அவன் செத்தபிறகு அந்தக் கடன் மகன் தலையில் ஏறுவதும் அதில் இருக்கிறது.

இங்கே ஒரு தேதிக் கணக்கைக் கவனியுங்கள். 1843-ம் ஆண்டின் 5-ம் சட்டம் அடிமை உடைமையை நீதிமன்றம் அங்கீகரிக்காது என்று சொல்லிவிட்டது. 1862 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம், ஆளை அடிமையாக வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கிவிட்டது. கோப்புகளில் அடிமை முறை ஒழிந்து அரை நூற்றாண்டு ஆகப் போகிறது. ஆனால் சென்னைப் பட்டணத்தின் வாசலில் இருக்கும் மாவட்டத்தில், ஆட்சியரே படியாள் பத்திரங்களைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறார். சட்டம் மாறியது, பத்திரத்தின் பெயர் மாறியது, ஆள் அதே வயலில் நின்றான்.

நிலத்துக்கு வருவோம். செங்கல்பட்டு மிராசு முறை வேரூன்றிய பகுதி. ஊரின் நிலத்தின் மீது பரம்பரைப் பங்குரிமை கொண்ட குடும்பங்கள் மிராசுதார்கள். பெரும்பாலும் வேளாளர், பிராமணர் முதலான சாதியினர். தரிசாகக் கிடக்கும் அரசு நிலத்தைப் பயிர் செய்கிறேன் என்று ஒருவர் அரசுக்கு விண்ணப்பம் கொடுப்பதற்குத் தர்காஸ்து என்று பெயர். கேட்டவர் மிராசுதார் இல்லையென்றால், முதலில் ஊர் மிராசுதாரைத்தான் கேட்பார்கள். "எனக்கு வேண்டும்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் நிலம் அவருக்கு. அவர் அதில் ஒரு படி நெல்கூட விளைவிக்க வேண்டியதில்லை. கேட்டவன் கைக்குப் போகாமல் இருந்தால் போதும், ஏனென்றால் சொந்தமாக அரை ஏக்கர் வைத்திருப்பவன் அடுத்த நடவுக்குக் கூப்பிட்டபடி வரமாட்டான்.

இந்த மிராசு உரிமைக்கு ஆதாரமாக நூறாண்டு காலம் காட்டப்பட்ட எழுத்துகளில் ஒன்று, எல்லிஸ் 1818-ல் எழுதி வெளியான விளக்கம். ஆமாம், அதே எல்லிஸ்தான். 1816-ல் தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று நிறுவியவர், திருக்குறளை மொழிபெயர்த்தவர் என்று தமிழ்த்துறைகளில் கொண்டாடப்படுகிறாரே, அவர். மொழிக்கு அவர் செய்ததை மறுக்கவில்லை. ஆனால் வேளாளரிடம் கேட்டு எழுதிய உரிமைக் கணக்கில் சேரியின் குரலுக்கு இடம் இருந்திருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழ் மாணவர்கள் யாராவது இதை ஆய்வுக்கு எடுங்கள்.

டிரமென்ஹீர் கேட்டவை எளிமையானவை. குடியிருக்கும் மனையைச் சேரி மக்களுக்கே சொந்தமாக்குவது, தரிசு நிலத்தை அவர்களுக்கு ஒதுக்குவது, பள்ளிக்கூடம் திறப்பது. அரசு இவற்றை முழுவதுமாக ஏற்கவில்லை. வருவாய் வாரியத்தில் எதிர்ப்பு இருந்தது, மிராசுதார்களிடம் இருந்து மனுக்கள் குவிந்தன. 1892-ல் ஒரே நாளில் 12 லட்சம் ஏக்கர் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டது போல நாம் பேசுவது சரியில்லை. அந்த ஆணை ஒரு கதவைத் திறந்தது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளில், ஊர் ஊராக, தொழிலாளர் துறை வழியாகவும் வருவாய்த் துறை வழியாகவும், மனு மேல் மனு கொடுத்து வாங்கிய நிலங்கள் சேர்ந்துதான் நாம் இன்று பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்று சொல்கிற மொத்தம். தேதியை ஒன்றாக்கிச் சொன்னால் பேச்சு சுருக்கமாக இருக்கும். ஆனால் அந்தப் பல ஆயிரம் மனுக்களும் அதை எழுதியவர்களும் கதையில் இருந்து காணாமல் போய்விடுவார்கள். மாணவியின் கேள்வி பிறந்ததே அந்த ஓட்டையில்தான்.

அடுத்து எடுத்தது ரூபா விஸ்வநாத் ஆங்கிலத்தில் எழுதி 2014-ல் வந்த "தி பறையா ப்ராப்ளம்". தடித்த புத்தகம், கல்விப்புல ஆங்கிலம், மே மாத மதியத்துக்கு உகந்தது அல்ல. முதல் ஐம்பது பக்கத்தை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. ஆனால் சமூகவியல் படிக்கிறவர்கள் இதைத் தவறவிடக் கூடாது. அவர் மிஷனரிகளின் கடிதங்களையும் வருவாய்த் துறைக் கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கிறார். அப்படிப் படிக்கும்போது நமக்குப் பழக்கமான கதை கலைகிறது. வெள்ளை அரசு முற்போக்காக இருந்தது, ஊர்தான் பிற்போக்காக இருந்தது என்பது நமக்குப் பழக்கமான கதை. கோப்பு சொல்வது வேறு. வரி ஒழுங்காக வர வேண்டும் என்றால் மிராசுதார் சந்தோஷமாக இருக்க வேண்டும். கிராமத்துக் கணக்குப்பிள்ளையும் மணியக்காரரும் அதே சாதிகளில் இருந்து வருகிறார்கள். ஆகவே அரசும் ஆதிக்கச் சாதியும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. இதற்கு விதிவிலக்காக ஒரு டிரமென்ஹீர், ஓரிரு பாதிரியார்கள். விதிவிலக்கை வைத்து ஆட்சியை எடை போட முடியாது.

அந்தப் புத்தகத்தில் என்னை அதிகம் நிறுத்தி வைத்தது மனைப் பிரச்சினை. நிலம் என்றால் நாம் வயலைத்தான் நினைக்கிறோம். குடிசை நிற்கும் மண்ணை யோசிப்பதில்லை. சேரி இருக்கும் இடமே மிராசுதாருடையது என்றால், கூலி கூட்டிக் கேட்டவன் மறுநாள் கூரையைப் பிரித்துக்கொண்டு எங்கே போவான்? அதனால்தான் சேரியில் ஒருவர் மண்சுவரை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்தால் ஊரில் கலவரம். வீடு அழகாகிவிட்டதே என்ற பொறாமை மட்டும் காரணம் அல்ல. செங்கல் சுவர் என்பது "இது என் இடம்" என்று எழுதி வைப்பது போல. 1920-களில் தொழிலாளர் ஆணையரின் கீழ் மனை வாங்கும் திட்டம் வந்தபோது, அதற்கான பணத்தையும் சேரி மக்களே கூட்டுறவுச் சங்கம் வைத்துத் தவணையில் கட்டினார்கள். இலவசமாக வாங்கிக்கொண்டோம் என்று யாராவது பேசினால் இதை நினைவுபடுத்துங்கள்.

இதன் தொடர்ச்சி தஞ்சையில் தெரிகிறது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரே குடிசைக்குள் எரித்தார்கள். அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும் செங்கொடிச் சங்கத்தில் இருந்ததும்தான் குற்றம். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை 1973-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அவ்வளவு வசதி படைத்தவர்கள் தாங்களே நடந்து வந்து இதைச் செய்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்கிற தொனியில் அந்தத் தீர்ப்பு எழுதப்பட்டது. இதற்கு நடுவில் 1971-ல் குடியிருப்பு அனுபோகதாரர்களுக்கு உடைமை வழங்கும் சட்டம் வந்து, விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனை அவருக்கே என்றானது. டிரமென்ஹீர் 1891-ல் எழுதியதைச் சட்டமாக்க 80 ஆண்டு எடுத்திருக்கிறது. நடுவே வெண்மணி.

மூன்றாவதாகப் படித்தது பட்டியலிலேயே மிக ஒல்லியானது. ரெட்டைமலை சீனிவாசன் 1939-ல் வெளியிட்ட "ஜீவிய சரித்திர சுருக்கம்". ஒரே மாலையில் முடித்துவிடலாம். தன் வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு குறைவாகப் பேசுகிற தன்வரலாற்றை நான் படித்ததில்லை. சோகம் கொட்டுவது இல்லை, பெருமை அடிப்பதும் இல்லை. என்ன மனு, யாருக்கு, எப்போது, பதில் என்ன. கிட்டத்தட்ட அவ்வளவுதான். அலுவலகக் கோப்பு போல இருக்கிறது என்று ஒரு தோழர் குறைபட்டார். எனக்கு அதுதான் பிடித்தது. மனு எழுதி எழுதியே வயதான மனிதர் வேறு எப்படி எழுதுவார்?

அந்த மனுக்களில் ஒன்றைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1893-ல் இந்தியக் குடிமைப் பணித் தேர்வை லண்டனில் நடத்துவது போல இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. பிரிட்டிஷ் மக்களவையிலும் அதை ஆதரித்து ஒரு தீர்மானம் நிறைவேறியது. பள்ளிப் பாடப்புத்தகத்தில் படித்தால் இது நியாயமான தேசியக் கோரிக்கை. சீனிவாசன் இதை எதிர்த்தார். 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி, 112 அடி நீளமுள்ள மனுவை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். நம்மைப் பிடிக்காதவர்கள் இதை எடுத்து வைத்துக்கொண்டு "பார்த்தீர்களா, வெள்ளைக்காரனுக்கு வால் பிடித்தவர்" என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களிடம் தர்காஸ்து விதியைக் காட்டுங்கள். மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும் தாசில்தாரும் ஏற்கெனவே ஆதிக்கச் சாதி. ஒரு சேரி மனிதர் தரிசு நிலம் கேட்டு மனு போட்டால் அது போகிற ஒவ்வொரு மேசையிலும் மிராசுதாரின் உறவுக்காரர். மிச்சம் இருக்கிற ஒரே மேசை ஆட்சியருடையது. அன்றைக்கு இந்தியாவில் தேர்வு நடந்திருந்தால் அதில் உட்கார்ந்து எழுதும் அளவுக்குப் படித்தவர்கள் எந்தச் சாதியில் இருந்தார்கள்? அந்த மேசையும் போய்விடும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தக் கையெழுத்துகள் விழுந்தன. அது விசுவாசம் இல்லை, அனுபவம். தேசம் என்ற சொல்லை எந்த மேசைக்கு முன்னால் நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறும்.

அதே 1893-ல் "பறையன்" என்ற பெயரிலேயே அவர் பத்திரிகை தொடங்கினார். வசவாக இருந்த சொல்லைத் தலைப்பில் அச்சடித்து வீதியில் விற்கிறார். முப்பது ஆண்டு கழித்து, 1922-ல், எம்.சி. ராஜாவின் முயற்சியால் அரசுப் பதிவுகளில் பறையர், பஞ்சமர் என்பதற்குப் பதிலாக ஆதி திராவிடர் என்ற பெயர் வருகிறது. ஒருவர் பெயரை நிமிர்த்திப் பிடித்தார், இன்னொருவர் மாற்றினார். எது சரி என்று நம் வாட்ஸாப் குழுக்களில் இன்றும் சண்டை ஓய்வதில்லை. இரண்டு பேரும் ஒரே சட்டமன்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்பதைச் சண்டை போடுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் எல்லாருக்கும் பொது என்று 1924-ல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் சீனிவாசன். செப்டம்பர் 25-ல் அரசாணை வந்தது. பொதுச் சாலை பொதுவானது என்று சொல்ல ஓர் அரசாணை! அதே ஆண்டு மார்ச்சில்தான் வைக்கம் போராட்டம் தொடங்கியது. வைக்கம் நமக்குத் தெரிகிறது, கொண்டாடுகிறோம். இந்தத் தீர்மானத்துக்கு ஒரு நூற்றாண்டு நினைவுக் கூட்டம் உங்கள் ஊரில் நடந்ததா?

பாதியில் நிற்பது அயோத்திதாசர். ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-ல் வெளியிட்ட "அயோத்திதாசர் சிந்தனைகள்" முதல் தொகுதி. 1907 ஜூன் 19-ல் இராயப்பேட்டையில் இருந்து "ஒரு பைசாத் தமிழன்" வெளிவரத் தொடங்கியது. அடுத்த ஆண்டு "தமிழன்" என்று பெயர் மாறியது. 1914-ல் அவர் இறக்கும்வரை வாரம் தவறாமல் எழுதினார். இந்த எழுத்தெல்லாம் புத்தகமாகி நம் கைக்கு வர ஏறத்தாழ 90 ஆண்டு ஆகியிருக்கிறது. எத்தனை தமிழ் இலக்கிய வரலாறுகள் இடையில் எழுதப்பட்டன, அவற்றில் எத்தனையில் இவர் பெயர் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.

பொதுவாக அவரைப் பௌத்தத்துக்காகப் படிக்கிறோம். 1898-ல் கர்னல் ஆல்காட்டோடு இலங்கை சென்றது, தீட்சை பெற்றது, சாக்கிய பௌத்த சங்கம் நிறுவியது எல்லாம் தெரிந்ததே. இந்தக் கோடையில் நான் அந்தப் பக்கங்களைத் தாண்டி, ஊர் நடப்பு பற்றி எழுதியவற்றைத் தேடிப் படித்தேன். விவசாயம், பஞ்சம், வரி, சுதேசி, அதிகாரிகள் என்று அவர் தொடாத விஷயம் இல்லை. சுதேசிப் பேச்சு உச்சத்தில் இருந்த நாட்களில், சொந்த நாட்டு உழவனைக் கிணற்றுப் பக்கம் விடாதவர்கள் எந்த தேசத்தைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று வாரா வாரம் கேட்கிறார். சீனிவாசனின் மனுவும் இவருடைய பத்தியும் ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன. இருவரும் உறவினர்கள், ஆனால் ஒத்துப்போகாதவர்கள். ஒருவர் பறையர் என்ற பெயரில் நின்றார், ஒருவர் அந்தப் பெயரே பௌத்தரைத் தாழ்த்தச் சூட்டப்பட்டது என்றார். அப்படி இருந்தும் நிலம், பள்ளி, அதிகாரம் என்று வரும்போது கேள்வி ஒன்றாகிவிடுகிறது.

நீலகிரியில் திராவிட மகாஜன சபை கூடியது 1891. அயோத்திதாசர் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் எழுந்து கோயிலுக்குள் எங்களை ஏன் விடுவதில்லை என்று கேட்டு, எதிர்ப்பில் உட்கார வைக்கப்பட்டது 1892. பறையன் பத்திரிகை 1893. இந்த மூன்று ஆண்டுக்கு நடுவில்தான் டிரமென்ஹீரின் குறிப்பும் 1892 அரசாணையும் வருகின்றன. அந்த ஆணை வானத்தில் இருந்து விழவில்லை. நேட்டால், பர்மா, இலங்கை, கோலார் தங்கவயல் என்று வழி கிடைத்தவர்கள் வயலை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். போக முடியாதவர்கள் மனு எழுதினார்கள், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பினார்கள், மாதா கோயிலுக்கு மாறினார்கள், சபை கூட்டினார்கள். ஓர் ஆட்சியர் அதைக் கவனித்து எழுதினார். அவர் நல்ல மனிதர், மறுக்கவில்லை, சிலை வைத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அவர் எழுத வேண்டிய நிலையை உண்டாக்கியவர்கள் நம் முன்னோர். மாணவிக்கு என் பதில் இதுதான்.

இந்தப் பதில் வெறும் வரலாற்று விஷயம் இல்லை. கொடையாகக் கிடைத்தது என்று நினைத்தால் மனுவில் "தாங்கள் கருணை கூர்ந்து" என்று எழுதுவோம். கேட்டு வாங்கியது என்று தெரிந்தால் சர்வே எண்ணில் இருந்து தொடங்குவோம். எதிரில் இருக்கும் அதிகாரிக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே புரிகிறது.

ஐந்தாவது புத்தகம் அம்பேத்கர் 1947-ல் பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் சார்பில் அரசியல் நிர்ணய சபைக்காக எழுதிய "மாநிலங்களும் சிறுபான்மையினரும்". எல்லாரும் "சாதியை அழித்தொழித்தல்" படிக்கச் சொல்வார்கள். படிக்க வேண்டியதுதான். ஆனால் நிலத்தைப் பற்றி யோசிக்கிறவர்கள் இந்தச் சின்ன நூலுக்கு வந்தே ஆக வேண்டும். விவசாயத்தை அரசுத் தொழிலாக்கி, நிலத்தைச் சாதி பார்க்காமல் ஊரில் இருப்பவர்களுக்குக் கூட்டாகப் பயிர் செய்யக் கொடுக்கச் சொல்கிறார். பட்டியல் சாதி மக்களுக்கு அரசு தரிசு நிலங்களில் தனிக் குடியேற்றங்கள் அமைக்கச் சொல்கிறார். அரசியல் சட்டத்தில் இவை இடம்பெறவில்லை. அவரே தலைமை ஏற்று எழுதிய சட்டத்தில் அவருடைய இந்தத் திட்டத்துக்கு இடம் கிடைக்கவில்லை என்பதை, அரசியல் சட்டம் முழுவதும் அவர் நினைத்தபடிதான் வந்தது என்று பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

இதைப் படிக்கும்போது 1928-ல் அவர் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த மகர் வதன் மசோதாவும் நினைவுக்கு வந்தது. மகர்களுக்கு வதன் நிலம் இருந்தது. அதற்கு ஈடாக ஊருக்கும் அரசுக்கும் கூப்பிட்ட நேரத்தில் ஊழியம் செய்ய வேண்டும். துண்டு நிலம், அதற்குத் தலைமுறை தலைமுறையாக அடிமை வேலை. அந்தப் பிணைப்பை அறுத்து, வரி கட்டும் சாதாரண நிலமாக மாற்ற வேண்டும் என்பது அவர் கோரிக்கை. மசோதா நிறைவேறவில்லை.

இங்கே நம் இளைஞர்கள் சிலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பஞ்சமி நிலத்தை நாமே விற்க முடியாது என்று நிபந்தனை வைத்திருக்கிறார்களே, இது மட்டும் சுதந்திரமா?" பத்து ஆண்டுக்குள் விற்கவோ தானம் செய்யவோ குத்தகைக்கு விடவோ கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குத்தான் கைமாற்றலாம் என்பது டி.சி. நிலத்தின் நிபந்தனை. வதன் நிபந்தனையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வதன், நிலத்தைக் கொடுத்து ஆளைக் கட்டியது. பஞ்சமி நிபந்தனை வாங்க வருகிறவனைக் கட்டுகிறது. ஆஸ்பத்திரிச் செலவுக்கும் மகள் கல்யாணத்துக்கும் கைநாட்டு வைக்கிற குடும்பத்திடம் இருந்து பாதி விலைக்கு எழுதி வாங்கும் கூட்டத்துக்குப் போட்ட கட்டு அது. அதை மீறிய விற்பனை செல்லாது என்று நீதிமன்றத் தீர்ப்புகளும் இருக்கின்றன. "உங்க ஆளுங்களேதானே வித்தாங்க" என்று ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் என்னிடமே சொன்னார்கள். விற்றவன் கதை இருக்கட்டும், வாங்கியவன் எப்படிப் பதிவு செய்தான், பட்டா மாற்றிக் கொடுத்தது யார் என்று கேட்டேன். அந்தப் பக்கத்தில் பேச்சு நின்றுவிட்டது.

பட்டா எப்படி மாறியது என்பதற்குப் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. 1979-ல் தொடங்கி 1987 வரை தமிழ்நாடு முழுவதும் நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். யு.டி.ஆர். என்று கிராம நிர்வாக அலுவலர் சொல்வது இதைத்தான். பழைய அ-பதிவேட்டில் குறிப்புக் கலத்தில் இருந்த டி.சி. என்ற இரண்டெழுத்து, புதிய பதிவேட்டுக்கு வரும்போது பல ஊர்களில் விழுந்துவிட்டது. அனுபவத்தில் இருப்பவர் யார் என்று பார்த்துப் பெயர் ஏற்றியதில் ஆதிக்கச் சாதியினர் பெயருக்கு நிலம் போனது. இன்றைக்கு இணையத்தில் பட்டா, சிட்டா எடுத்துப் பார்த்தால் எல்லாம் சுத்தமாகத் தெரியும். ஆகவே மனு போடுகிற தோழர்கள் இணைய நகலோடு நிற்காதீர்கள். யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டு நகலையும் பழைய சர்வே எண், புதிய சர்வே எண் ஒப்பீட்டையும் கேளுங்கள்.

செங்கல்பட்டைப் பற்றி இன்னும் ஒன்று. டிரமென்ஹீர் குறிப்பு எழுதிய அதே மாவட்டம். காரணை கிராமத்தின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய மக்கள் மீது 1994 அக்டோபர் 10-ல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். நிலத்தைக் கொடுக்கச் சொல்லி ஆட்சியர் எழுதியதற்கும், கொடுத்த நிலத்தைக் கேட்டவர்களைச் சுட்டதற்கும் இடையில் 103 ஆண்டுகள். அம்பேத்கர் சிலையை நட்டுத்தான் அந்த நிலத்தைத் தங்கள் நிலம் என்று அறிவித்தார்கள் மக்கள். செங்கல் சுவர் ஏன் ஊரைக் கலக்கியது என்று முன்னே சொன்னேனே, அதுவேதான் இதுவும்.

நாவலாக எடுத்தது சோ. தர்மனின் "கூகை", 2005-ல் வந்தது. கரிசல் காட்டுக் கதை. ஊரை விட்டுப் போகும் அய்யர் ஒருவரின் நிலம் சேரி மக்களின் கைக்குப் பயிரிட வருகிறது, அதற்குப் பிறகு ஊர் சும்மா இருக்குமா? கதையைச் சொல்லிக் கெடுக்க விரும்பவில்லை. ஆவணங்களில் "அனுபோகம்" என்று ஒரே சொல்லில் வருவது ஒரு மனிதனின் உடம்பில் என்னவாக இறங்குகிறது என்று தெரிய வேண்டுமானால் இதைப் படியுங்கள். சொந்தமாகப் பயிர் வைத்தவன் நடக்கிற நடையே மாறுவதை எந்த அரசாணையிலும் படிக்க முடியாது. வாசிப்பு வட்டத்தில் இதை முதலில் கொடுத்துவிட்டு அப்புறம் டிரமென்ஹீரைக் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. பிள்ளைகள் தூங்கமாட்டார்கள்.

இன்னும் தொடாதது எம்.சி. ராஜா 1925-ல் ஆங்கிலத்தில் எழுதிய ஒடுக்கப்பட்ட இந்துக்கள் பற்றிய நூல். பூனா ஒப்பந்தக் காலத்து ராஜாவை நாம் எளிதாகத் தள்ளிவிடுகிறோம், அதற்கு முந்தைய ராஜாவைப் படிக்காமலேயே. அதனால்தான் பட்டியலில் வைத்தேன்.

இரண்டு கிராமங்களின் பழைய அ-பதிவேட்டு நகல் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறோம். சட்டப்படி 30 நாளில் பதில் வர வேண்டும். அதற்குள் ராஜாவை முடித்துவிடலாம் என்று இருக்கிறேன். போன தடவை பதில் வந்த வேகத்தை வைத்துப் பார்த்தால், அயோத்திதாசரின் மூன்று தொகுதியும்கூட முடிந்துவிடும்.